பத்து பவுண்டுக்காக நானூறு கிலோமீட்டர்

மெல்போர்னில் இருக்கும் அண்ணன் மகனைப் பார்க்க நானும் தங்கமணியும் போயிருந்தோம். பதினைந்து நாள் லீவில் நான்கு நாளை ஒரு கடற்கரை ஊருக்கு ஒதுக்கினோம். ஊரின் பெயர் ரோப். தமிழில் எழுதினால் கயிறா அங்கியா என்று தெரியாது. இரண்டும் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னராக இருந்த ஃப்ரெடெரிக் ரோப் என்பவரின் பெயரில் 1846-ல் உருவான ஊர்.

"கடல் பார்க்கறதுக்கு எதுக்குங்க கடல் தாண்டிப் போகணும்? நம்ம ஜுஹுல இல்லாத கடலா?" என்று தங்கமணி கேட்டாள். நியாயமான கேள்விதான். பம்பாய்க்கு மாற்றலாகி வந்த இந்தப் பதினெட்டு வருடத்தில் ஜுஹுவுக்கு எத்தனை தடவை போயிருக்கிறோம் என்று திருப்பிக் கேட்டேன். அதோடு பேச்சு நின்றது :-)

அண்ணன் மகன் எங்களை கிரேட் ஓஷன் ரோடுக்குத்தான் கூட்டிப்போக நினைத்திருந்தான். ரோப் என் பிடிவாதம். அந்த ஊரைப் பற்றி முன்பே படித்திருந்தேன். ஒரு வரியால் ஒரு ஊருக்கு வாழ்வு வந்த கதை அது. பி.காம். படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேல் லெட்ஜரோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் கும்பகோணத்தில் என் அம்மா தவறிப்போனாள். பேரப்பிள்ளைகளில் அவள் தூக்கி வளர்த்தது இவனைத்தான். இவன் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரவில்லை. வீடியோ காலில் பார்த்தான். எனக்கு அது ஆறவே இல்லை. "போய்ப் பார்த்துட்டு வாடா, பிள்ளை எப்படி இருக்கானோ" என்று அண்ணன் சொன்னதால்தான் கிளம்பினேன். காரில் முன் சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முதல் நூறு கிலோமீட்டர் வானிலையைப் பற்றி மட்டும் பேசினேன்.

மெல்போர்னிலிருந்து ரோப் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். பல்லாரட், அராரட், ஹாமில்டன், காஸ்டர்டன், பெனோலா என்று போனோம். காஸ்டர்டன் தாண்டியதும் விக்டோரியா முடிந்து தெற்கு ஆஸ்திரேலியா. எல்லை தாண்டிப் பழம் கொண்டுபோகக் கூடாது என்பதால் மிச்சமிருந்த ஆப்பிளை எல்லாம் ஆளுக்கு இரண்டாக வழியிலேயே தின்று தீர்த்தோம். கடிகாரத்தையும் அரை மணி பின்னால் வைக்க வேண்டும். நம் ஊரைப் போலவே அங்கேயும் அரை மணிக் கணக்கு. பழத்துக்கும் மணிக்கும் மட்டும்தான் இப்போது அந்த எல்லை. 1857-ல் ஒரு ஆளுக்குப் பத்து பவுண்டு அந்தக் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். 1851-ல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. உலகம் முழுவதிலிருந்தும் கூட்டம் வந்தது. தோண்டுகிறவன் ஒவ்வொருவனும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாதம் 30 ஷில்லிங் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். வருமானமே இல்லாதவனிடம் முன்கூட்டியே வரி. எரிச்சல் முற்றி 1854 டிசம்பர் 3 அன்று பல்லாரட்டின் யுரேகாவில் சுரங்கத் தொழிலாளர்களும் அரசுப் படையும் மோதி, பல உயிர்கள் போயின. ஆஸ்திரேலிய ஜனநாயகத்தின் பிறப்பிடம் என்று இன்றைக்கும் அதைக் கொண்டாடுகிறார்கள்.

அதற்குப் பிறகு விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. லைசென்ஸ் ஒழிந்தது. வருடத்துக்கு ஒரே ஒரு பவுண்டு கட்டினால் போதும், தோண்டும் உரிமையும் ஓட்டுரிமையும் சேர்ந்து வரும். தங்க ஏற்றுமதிக்குத் தனி வரி. வருமானத்தைப் பார்த்து வரி, அதாவது சரியான கணக்கு. இதே கையோடு 1855-ல் இன்னொரு சட்டமும் வந்தது. அந்தச் சமயத்தில் விக்டோரியாவில் சுமார் 17,000 சீனர்கள் இருந்தார்கள். இனிமேல் கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனனுக்கும் கப்பல் தலைவர் 10 பவுண்டு கட்ட வேண்டும். கப்பலின் எடைக் கணக்கில் பத்து டன்னுக்கு ஒரு சீனன்தான் ஏற்றலாம். ஐந்நூறு டன் கப்பல் என்றால் ஐம்பது பேர், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளிக்குக் கொடுத்த சலுகையையும் சீனனுக்குப் போட்ட தலைவரியையும் ஒரே குழுவின் அறிக்கையிலிருந்துதான் எடுத்தார்கள். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று. யுரேகாவைப் பற்றிப் பேசும்போது இந்தப் பற்றுப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

சரி, வரி போட்டார்களே, வருகை நின்றதா? மெல்போர்ன் துறைமுகத்தில் நின்றது, மற்ற இடத்தில் நிற்கவில்லை. பக்கத்துக் குடியேற்றமான தெற்கு ஆஸ்திரேலியாவில் அப்போது அந்த வரி கிடையாது. முதலில் அடிலெய்டில் இறங்கி நடந்தார்கள். பிறகு, அதைவிட எல்லைக்குப் பக்கமாக, கிஷன் விரிகுடாவில் ஒரு சின்னத் துறைமுகம் இருப்பதைக் கப்பல்காரர்கள் கண்டுகொண்டார்கள். அதுதான் ரோப்.

1857 ஜனவரியில் ஹாங்காங்கிலிருந்து 'லேண்ட் ஆஃப் கேக்ஸ்' என்ற கப்பல் 264 சீனர்களோடு அங்கே வந்தது. வங்கிக்காரன் புத்தி கணக்குப் போட்டுப் பார்த்தது. 264 பேருக்குப் பத்து பவுண்டு வீதம் 2,640 பவுண்டு. ஒரே பயணத்தில் மிச்சம். எந்தக் கப்பல்காரன் விடுவான்? அடுத்தடுத்துக் கப்பல்கள். சுமார் 16,500 சீனர்கள் ரோப்பில் இறங்கியதாக அங்கே நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அதையும் பெருக்கினால் 1,65,000 பவுண்டு. விக்டோரியாவின் கஜானாவுக்கு வராமலே போன பணம்.

அத்தனையும் சீனர்களின் பையில் தங்கியதா என்றால், இல்லை. கரைக்குக் கொண்டுவந்து விட்ட படகுக்காரர்களுக்குக் காசு. வழிகாட்டுகிறேன் என்று வந்தவர்களுக்குக் காசு. சாமானும் நோயாளிகளும் ஏறிய மாட்டுவண்டிக்குக் காசு. அரிசி, மாவு விற்ற கடைக்காரர்களுக்குக் காசு. அபின் அப்போது சட்டப்படி இறக்குமதியாகும் சரக்கு. அதன் மீது சுங்க வரி அரசாங்கத்துக்கு. நூறு, இருநூறு பேராகச் சேர்ந்து, மூங்கில் காவடியின் இரு முனையிலும் சுமை தொங்க, ஒருவர் பின் ஒருவராக ஓடுவதுபோல நடந்து போனார்கள் என்று அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பல்லாரட்டுக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பெண்டிகோ இன்னும் தூரம். பல வார நடை. சதுப்பு நிலம், மணல், புதர்க்காடு. பணத்தை வாங்கிக்கொண்டு பாதி வழியில் விட்டுவிட்டு ஓடிப்போன வழிகாட்டிகள் உண்டு. வழியில் தண்ணீருக்குக் கிணறு தோண்டியிருக்கிறார்கள். சிலர் வழியிலேயே செத்தும் போனார்கள்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பதில் அவர்கள் வாங்கிய கடனில் இருக்கிறது. வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்து விவசாயிகள். கப்பல் கட்டணம் கடன். ஊர்ப் பெரியவரோ வியாபாரியோ கொடுப்பார். நிலமோ குடும்பத்தின் வாக்கோ அதற்கு ஈடு. தங்கம் தோண்டி முதலில் கடனை அடைக்க வேண்டும், பிறகுதான் சம்பாத்தியம். அவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் பெயரே 'புதிய தங்க மலை' (பழைய தங்க மலை சான் பிரான்சிஸ்கோ). மலை ஏறாமல் திரும்பினால் ஊரில் அப்பன் என்ன சொல்வான், கடன்காரன் என்ன செய்வான்?

நமக்குப் புதிதா இது? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனங்கள் கங்காணியிடம் முன்பணம் வாங்கித்தான் கப்பலேறினார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற, அவர்கள் கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டினால் ஆள் கைமாறும். 1921-ல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். கடன் மாற்றம் என்று வங்கியில் இன்று நாங்கள் செய்வதைப் பார்க்கும்போது சில சமயம் அந்தத் துண்டு ஞாபகம் வரும்.

ரோப்பின் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தங்கமணி கோபித்துக்கொள்வாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு நீலம். லாங் பீச் என்று மைல் கணக்கில் நீளும் கடற்கரை. கார் மணலிலேயே ஓடுகிறது, தடை இல்லை. டோம்பி முனையில் 1855-ல் கட்டிய ஒரு கூர்கோபுரம், சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்து, பாறை விளிம்பில் நிற்கிறது. அலை அடித்து அடித்துப் பாறை கரைந்துகொண்டே வருவதால் பக்கத்தில் போக முடியாமல் வேலி போட்டிருக்கிறார்கள். கப்பல்களுக்கு அடையாளமாகக் கட்டியது. இருந்தும் 1857-ல் மட்டும் மூன்று கப்பல்கள், அதுவும் சீனர்களைக் கொண்டுவந்த கப்பல்கள், இந்த விரிகுடாவில் உடைந்தன. அதில் ஒன்று ஹாலந்துக் கப்பல் 'கோனிங் வில்லெம்'. சீனர்கள் எல்லாரும் சில நாள் முன்பே இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜூன் 30 அன்று புயலில் கப்பல் லாங் பீச்சில் மோதியது. மாலுமிகள் 16 பேர் செத்தார்கள். நாங்கள் கார் ஓட்டி விளையாடிய அதே மணல்.

ஊரில் இப்போது ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். சிங்கி இறால் பிடிக்கும் படகுகள், காபிக் கடைகள், கல் வீடுகள். 1863-ல் கட்டிய சுங்கக் கட்டடம் இப்போது சின்ன அருங்காட்சியகம். ஒரு காலத்தில் கம்பளியும் குதிரையும் ஏற்றுமதியான பெரிய துறைமுகம். குதிரை எங்கே போனது தெரியுமா? இந்தியாவுக்கு, வெள்ளைக்காரனின் ராணுவத்துக்கு. 'வேலர்' என்று அந்த ஆஸ்திரேலியக் குதிரைக்குப் பெயர். நம் மெட்ராஸிலும் வேலர்கள் வந்து இறங்கியதுண்டு. பிறகு பக்கத்து ஊர் கிங்ஸ்டனுக்கு ரயில் வந்தது, ரோப்புக்கு வரவில்லை. சரக்கு எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. வியாபாரம் படுத்ததால் பழைய கட்டடங்களை இடிக்க யாருக்கும் காசில்லை. அதனால்தான் இன்றைக்கு ஊர் இவ்வளவு அழகாக இருக்கிறது.

இந்தப் பக்கத்தின் ஆதிக்குடிகள் பூவாண்டிக் மக்கள். அவர்களுடைய மண்ணுக்கு வந்த எந்த வெள்ளைக்காரனும் யாருக்கும் நுழைவு வரி கட்டியதாகத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மாலை நானும் அண்ணன் மகனும் மட்டும் கடற்கரை ஓரமாக நடந்தோம். தங்கமணிக்குக் குளிர், அறையிலேயே இருந்துவிட்டாள். சீனர்களின் நினைவுக்கல் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. கதையை அவனுக்குச் சொன்னேன். வகுப்பு எடுக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே கேட்டவன், கடன் கதை வந்ததும் சும்மாவானான்.

"திரும்பிப் போனாங்களா சித்தப்பா?"

"நிறைய பேர் போனாங்க. கடனை அடைச்சிட்டு."

"அடைக்காதவங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1861 கணக்கெடுப்பில் விக்டோரியாவில் சுமார் 25,000 சீனர்கள். பெண்கள் பத்துப் பேர்கூட இல்லை. மற்ற எல்லாருடைய மனைவியும் அம்மாவும் ஊரில். அதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே பேசினான். "ஆடி மாசம் டிக்கெட் பார்த்தேன் சித்தப்பா. போக வர ரெண்டு மாச தவணை. வேலைல சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்துச்சு, லீவு கேட்டா வேற ஆள் பார்த்துப்பாங்க. வேலை போனா தவணை நிக்கும். தவணை நின்னா நோட்டீஸ் யாருக்கு வரும்? அப்பாவுக்கு. அப்பாயி இருந்த வீட்டு மேல. அதான் வரல."

எனக்கு அந்த வீட்டைத் தெரியும். பத்திரத்தை எடுத்துக்கொடுத்தவனே நான்தான். கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பது எங்கள் வழக்கம். வேறொரு வங்கியில் கடன். ஆனால் விண்ணப்பத்தை நிரப்பியது, வில்லங்கச் சான்று வாங்கச் சொன்னது, அண்ணனிடம் "தைரியமா கையெழுத்துப் போடு" என்று சொன்னது எல்லாம் நான். படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை இல்லை என்று வாயாரச் சொன்னேன். அந்த ஒரு வருடத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, "வீட்டை எழுதிக் குடுத்துட்டா பிள்ளை வந்துருவானாடா?" என்று கேட்டாள். வந்துவிடுவான் என்றேன்.

"வீசா கட்டணமே நான் வந்தப்ப 710 டாலர்" என்றான். 2024 ஜூலையில் அது 1,600 ஆனது. 2025 ஜூலையில் 2,000. வீசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. "கூட்டம் குறையும்னு நினைக்கறாங்க. என் கூட இருக்கற பையன் தம்பிக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கடன் வாங்கியிருக்கான். அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்று இரவு அறையில் மீதிக் கதையைச் சொன்னேன். மெல்போர்ன் நெருக்கடி கொடுக்க, தெற்கு ஆஸ்திரேலியாவும் 1857 கடைசியில் தலைவரி போட்டது. ரோப்பில் கப்பல் வருவது நின்றது. கூட்டம் நியூ சவுத் வேல்ஸ் பக்கம் திரும்பியது. 1861-ல் அங்கேயும் வரி. அதே 1861-ல் தெற்கு ஆஸ்திரேலியா தன் சட்டத்தை ரத்து செய்தது. 1901-ல் நாடு ஒன்றானதும் வரிக்கும் பதிலாக ஒரு சொல்வதெழுதல் தேர்வு. எந்த ஐரோப்பிய மொழியிலும் அதிகாரி வைக்கலாம். வேண்டாதவன் ஆங்கிலம் தெரிந்து வந்தால் வேறு மொழியில் வைத்துத் தோற்கடிக்கலாம். அது 1958 வரை இருந்தது.

இதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆஸ்திரேலியாவுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரிட்டனிலிருந்து வருகிறவர்களுக்கு அரசாங்கமே கப்பல் செலவை ஏற்றுக்கொண்டது. பெரியவர்கள் தம் பங்காகக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு தெரியுமா? பத்து பவுண்டு. குழந்தைகளுக்கு இலவசம். அதே பத்து பவுண்டு, நூறு வருடம்கூட ஆகவில்லை. ஒருவனுக்கு வராதே என்று சொன்ன தொகை, இன்னொருவனுக்கு வா என்று சொன்னது. தங்கமணி, "அப்ப எல்லாம் ஆளைப் பார்த்துத்தான்" என்றாள். இருபது வருடமாக லோன் டிபார்ட்மெண்டில் இருப்பவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

2017 மே மாதம், 160 வருடம் ஆன நினைவாக, அந்தச் சீனர்களின் வம்சாவளியினர் சிலர் ரோப்பிலிருந்து மெல்போர்ன் நாடாளுமன்றம் வரை நடந்தே போனார்கள். விக்டோரியாவின் அப்போதைய முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ், அந்த வரிக்காக மன்னிப்புக் கேட்டார்.

திரும்பும்போது அவர்கள் நடந்த திசையில் நாங்கள் கார் ஓட்டினோம். பெனோலாவிலும் ஹாமில்டனிலும் தேநீருக்கு நிறுத்தினோம். அராரட்டில் கும் சான் என்ற சீன அருங்காட்சியகம் இருக்கிறது. 1857-ல் ரோப்பிலிருந்து நடந்துவந்த ஒரு கூட்டம் தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் தங்கம் கண்டார்கள், அதிலிருந்து பிறந்த ஊர் அது. செய்தி பரவியதும் பல்லாயிரம் பேர் வந்து குவிந்துவிட்டார்கள் என்பதும், கண்டுபிடித்தவர்கள் கூட்டத்தில் ஒதுங்க வேண்டியதாயிற்று என்பதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பல்லாரட்டில் பழைய இடுகாட்டுக்கும் போனோம். சீனர்களுக்குத் தனிப் பகுதி. அந்தக் காலத்தில் இங்கே புதைத்தவர்களில் சிலரைச் சில வருடம் கழித்துத் தோண்டி, எலும்பைச் சுத்தம் செய்து, ஊருக்குக் கப்பலில் அனுப்புவது அவர்கள் வழக்கம். சொந்த மண்ணில் பிள்ளைகள் கும்பிட வேண்டும் என்பதற்காக. அனுப்ப ஆளில்லாதவர்கள் இங்கேயே கிடக்கிறார்கள். அண்ணன் மகன் ஒவ்வொரு கல்லாக நின்று நின்று பார்த்துக்கொண்டே வந்தான். எழுத்து அவனுக்கும் புரியாது, எனக்கும் புரியாது.

மெல்போர்ன் வந்து சேர்ந்த இரவு லேப்டாப்பைத் திறந்து அவனுடைய கடன் கணக்கை இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். தவணையை ஒன்றரை வருடம் நீட்டினால் மாதாமாதம் எவ்வளவு குறையும், அதற்கு வட்டி எவ்வளவு கூடும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை வட்டியைப் பெரிய எழுத்தில் எழுதினேன். வரும் ஆடியில் அம்மாவுக்குத் தலைத்திவசம். அதற்கு டிக்கெட் நான் போடுகிறேன் என்றேன். "கடனாத்தான் வாங்கிப்பேன் சித்தப்பா" என்றான். வட்டி எவ்வளவு என்று கேட்டான். தங்கமணி உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க முதல்ல" என்று கத்தினாள்.